கை காட்டினால் தாவும் நிழல்

விளக்கு ஒத்திகை என்றாலே ஆடுகிறவர்களுக்கு வேப்பங்காயாகக் கசக்கும். நான் ஒவ்வொரு விளக்காகத் திருப்பி, ஏற்றி, இறக்கி முடிக்கும்வரை அவர்கள் மேடையில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே என் திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் பாலே ஆடுகிறவர்கள் அன்றைக்கு முழுதாக ஆடமாட்டார்கள். சுழல வேண்டிய இடத்தில் விரலை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். தாவ வேண்டிய இடத்தில் கையால் ஒரு எத்து எத்துவார்கள். இதற்கு மார்க் பண்ணுவது என்று பெயர். உடம்பு செலவாகாது, ஆட்டத்தின் வரிசையும் மறக்காது. கையெழுத்தைப் போல ஒவ்வொருவர் மார்க்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கையை மட்டும் பார்த்தே ஆள் யார் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

எங்கள் குழு புதுச்சேரியில், துறைமுகத்தை ஒட்டிய பழைய அரிசிக் கிடங்கு ஒன்றில் இயங்குகிறது. நான் தில்ஷாத், காரைக்கால்காரி. விளக்கும் வீடியோவும் என் பொறுப்பு. குழுவை நடத்துபவர் மதாம் இவோன். புதுச்சேரியில் பிறந்து, பிரான்சில் லியோன் நகரத்தில் பல வருடம் ஆடிவிட்டு ஊர் திரும்பியவர். கடல் காற்றில் விளக்கெல்லாம் துருப்பிடிக்கிறதே என்று புலம்பினால், "லியோன்ல விளக்கு துருப்பிடிக்காது தில்ஷாத், ஆளுங்கதான் துருப்பிடிப்பாங்க" என்பார். ஆனாலும் தன் குழுவோடு அந்த ஊர் மேடையில் ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடத்துப் புது நிகழ்ச்சிக்கு ‘இரண்டாம் உடல்’ என்று பெயர். முன்னால் ஆடுகிறவர்கள், பின்னால் சுவர் அகலத்துக்கு வெள்ளைத் திரை, திரையில் அவர்களுடைய நிழல்கள். அசல் நிழல் அல்ல. அசல் நிழல் சொன்ன பேச்சு கேட்காது. விளக்குக்குப் பக்கத்தில் போனால் பூதமாகும், விலகினால் சுண்டிப் போகும். அதனால் பக்கவாட்டு வெளிச்சம் போட்டு அசலை அழித்துவிட்டோம். கூரையில் இருக்கும் கேமராக்கள் பார்ப்பதை வைத்து ஓர் இயந்திரம் நிழலை வரைந்து திரையில் போடும். அதைச் செய்தவன் மாதேஷ், கிருஷ்ணகிரிக்காரன். கணினி தெரிந்த அளவுக்கு அவனுக்கு பாலே தெரியாது. அதைப் பற்றி அவனுக்கு வெட்கமும் கிடையாது.

முதல் விளக்கு ஒத்திகையன்று எழிலரசி மேடை நடுவில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் முதன்மை ஆட்டக்காரி அவள்தான். நெய்வேலியில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்துகொண்டிருந்தவள், பிறகு பாலேவுக்கு வந்தாள். இசை ஓடியது. பெரிய தாவல் வரும் இடத்தில் அவள் சோம்பலாக உள்ளங்கையை மேல்நோக்கி எத்தினாள். திரையில் அவளுடைய நிழல் தரையை விட்டுக் கிளம்பி, ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்றில் இடுப்பை ஒருமுறை திருப்பி, ஓசையில்லாமல் இறங்கியது. எழில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மாதேஷ், பழைய வீடியோவையா போட்ட?" என்று கத்தினேன்.

"நான் எதுவும் போடலக்கா. இது லைவ்."

"அவ நகரவே இல்லையே!"

"அதான் எனக்கும் புரியல" என்று தலையைச் சொறிந்தான். "கேமரா பாத்து, மெஷின் வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள ஆடுறவங்க அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடுறாங்க. நிழல் பின்தங்குது. அதனால, அடுத்து என்ன வரும்னு முன்னாடியே ஊகிக்கக் கத்துக்குடுத்தேன். இத்தன நாள் ஒத்திகை மொத்தத்தையும் அதுக்குக் காட்டினேன்."

"மார்க் பண்ணதையுமா?"

"மார்க்னா?"

அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மார்க் பண்ணுவதைக் கைப்பயிற்சி என்று நினைத்திருக்கிறான் மகானுபாவன். ஆடுகிறவர்கள் ஒருமுறை மார்க் செய்வார்கள், பிறகு முழுதாக ஆடுவார்கள். அதையே பார்த்துப் பார்த்து, இந்தக் கை இப்படி எத்தினால் அடுத்து உடம்பு அப்படித் தாவும் என்று இயந்திரம் முடிவு கட்டிவிட்டது. நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

சிரிக்காதவள் ஒரேலி மட்டும்தான். எழிலுக்கு முன்னால் முதன்மை ஆட்டக்காரியாக இருந்தவள் அவள். டெல்லி மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே வலது முட்டியின் தசைநார் அறுந்துபோய், அறுவை சிகிச்சைக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தும் தாவ முடியாதவளாகிவிட்டாள். அவளுடைய ரோல்கள் எல்லாம் எழிலுக்குப் போயின. குழுவை விட்டுப் போக மனமில்லாமல் ஒத்திகை பார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டாள். மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழில் முழுதாக ஆட ஆட, இவள் கையாலேயே மொத்த ஆட்டத்தையும் மார்க் பண்ணிக் காட்டுவாள். இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை, சேர்ந்து டீ குடித்ததும் இல்லை.

அன்றைக்கு ஒரேலி தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மேடை ஏறினாள். நடுவில் போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டை மடக்கி ஆள்காட்டி விரலைச் சுண்டினாள். அதுதான் அவளுடைய மார்க்.

திரையில் அவள் எழுந்து தாவினாள். நீண்ட கைகள், நீண்ட கழுத்து, அதே கொண்டை.

"நான்தான் அது" என்றாள் வாயைப் பொத்திக்கொண்டு. "தில்ஷா, நான்தான் அது!"

எனக்குச் சட்டென்று அழுகை வராது. அன்றைக்கு வந்தது.

மதாம் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழில், நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது.

நிகழ்ச்சி மாறியது. மேடை நடுவில் நாற்காலியில் ஒரேலி, அவளுக்குப் பின்னால் திரை முழுக்கப் பறக்கும் அவளுடைய நிழல். பத்திரிகைகள் எழுதின. சென்னை, பெங்களூர், கொச்சி என்று அழைப்புகள் வந்தன. கடைசியில் லியோன் நடன விழாவிலிருந்தே வந்தது. மதாம் அந்த மின்னஞ்சலை எங்கள் எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். எழில் பக்கத் திரைக்குப் பின்னால் மாற்று ஆளாக நின்றாள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவள் ஆடுவாள். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது நிழல் தாழ்வாகத் தாவ ஆரம்பித்தது. பார்வையாளர்களுக்குத் தெரியாது. தினமும் பார்க்கிற என் கண்ணுக்குத் தெரிந்தது. மாதேஷை என் விளக்கு அறைக்கு இழுத்துவந்து கேட்டேன். மதாமும் கூட இருந்தார்.

"இது ஒவ்வொரு ஷோவுலேர்ந்தும் கத்துக்குதுக்கா" என்றான். "ஒரேலி அக்கா விரலச் சுண்டுறாங்க. அப்புறம் எந்த உடம்பும் தாவல. அப்போ இந்த விரலுக்கு அர்த்தம் எதுவும் இல்ல போலன்னு அது நெனச்சுக்குது. கொஞ்சம் கொஞ்சமா மறக்குது."

"கத்துக்குறத நிறுத்திடு."

"நிறுத்தினா நிழல் ஒட்டாது. அன்னன்னிக்கு அவங்க வேகம், மூச்சு, களைப்பு எல்லாத்தோடவும் சேந்து மாறினாத்தான் அது நிழல். இல்லன்னா வெறும் சினிமா."

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"இருப்பா. நீ காட்டின ஒத்திகைல ஒரேலி எங்க தாவுனா? அவ நாற்காலிலதானே ஒக்காந்திருந்தா? அப்போ இந்தத் தாவல் யாரோடது?"

மாதேஷ் மதாமைப் பார்த்தான். மதாம் ஜன்னலைப் பார்த்தார்.

"மெஷினுக்கு ஆள் முக்கியம் இல்லக்கா" என்றான் மெதுவாக. "நாற்காலில ஒரு விரல் சுண்டுது, மேடைல ஒரு உடம்பு தாவுது. ரெண்டையும் முடிச்சுப் போட்டுக்கிச்சு. ஒரேலி அக்கா உயரத்துக்கும் கை கால் நீளத்துக்கும் ஏத்த மாதிரி இழுத்து வரையுது, அவ்வளவுதான். தாவல் எழிலோடது."

"ஒரேலிகிட்ட சொல்ல வேண்டாம்" என்றார் மதாம். "அவ செத்துப் பொழச்சு வந்திருக்கா."

"நிழல் மறக்குதே, அதுக்கு என்ன பண்றது?"

"எழில் மறுபடி தாவட்டும்" என்றார்.

அப்படித்தான் காலை ஒத்திகை தொடங்கியது. மாற்று ஆளுக்குப் பயிற்சி என்று ஒரேலியிடம் சொன்னோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து மார்க் பண்ணுவாள், எழில் முழுதாகத் தாவுவாள். மாலையில் நிழல் பழையபடி எழும்பும். நான் அதற்குத் தீனி போடுவது என்று பெயர் வைத்தேன். மதாமுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஒத்திகை நாளுக்கு நாள் நீண்டது. தீனி போடப் போட அதற்குப் பசி எடுத்தது.

ஒருநாள் காலை, கிடங்குப் படியில் உட்கார்ந்து காலணியின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த எழிலிடம் நேராகவே கேட்டேன். "ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா. காத்துல இடுப்பு ஒரு தடவ திரும்புது பாருங்க, அது என் ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்கம். மதாம் திட்டித் திட்டிப் பாத்தாங்க, போகல."

"அப்புறம் ஏன் வாய மூடிக்கிட்டு இருக்க? அது ஒன் தாவல். பேரு அவளுக்கு."

அவள் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "ஒரேலி அக்காவுக்கு முட்டி போன அன்னிக்கு எனக்கு ரோல் கெடச்சுதுக்கா. வீட்டுக்கு ஃபோன் பண்ணி சந்தோஷமாச் சொன்னேன். அவங்க அப்போ ஆஸ்பத்திரில இருந்தாங்க. அது இன்னும் உறுத்துது." மறு காலணியை எடுத்துக்கொண்டே, "அதோட, மதாம் சொன்னா மாட்டேன்னு சொல்ல முடியுமா? என் எடத்துக்கு வர எத்தன பேர் காத்திருக்காங்க" என்றாள்.

இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு நிழலுக்கு உழைக்கிறார்கள், ஒருத்திக்குத் தெரியாது, இன்னொருத்தி சொல்லமாட்டாள். நடுவில் நான் விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

லியோன் பயணத்துக்கு முந்தைய வாரம் எல்லோரும் உட்கார்ந்து நிகழ்ச்சியின் பதிவைப் பார்த்தோம். பெரிய தாவல் வந்ததும் ஒரேலி, "நிறுத்து. திரும்பப் போடு" என்றாள். போட்டேன். "இன்னொரு தடவ."

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் மதாம்.

"எறங்குறப்ப பாருங்க. எடை முழுக்க வலது கால்ல விழுது. இடது முட்டிய மடக்காம காப்பாத்துது."

"மெஷின் ஏதாவது தப்பா வரைஞ்சிருக்கும்."

"முட்டியப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம் மதாம்." ஒரேலி எழுந்து நின்றுவிட்டாள். "எனக்குப் போனது வலது. இது இடது. இது யாரோட முட்டி?"

ஒரேலி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் இருந்த எழிலிடம் நின்றாள்.

"எழில், ஒக்காந்து எந்திரி பாப்போம்."

எழில் பாதி மடங்கினாள். அதற்கு மேல் இறங்க முடியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல நாம பண்றது என்ன ஒத்திகை? யாராவது சொல்லுங்க."

நான் சொல்லிவிட்டேன், ஒன்று விடாமல். மதாம் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஒரேலி பெருந்தன்மையாக நடந்துகொண்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "எனக்குப் பிச்ச போட்டியாடி?" என்று எழிலிடம் கத்தினாள். "என் தாவலப் பத்திப் பேப்பர்காரங்க கேட்டப்போ பக்கத்துல நின்னு சிரிச்சியே, அப்போ மனசுக்குள்ள என்ன நெனச்ச?" எழில் அழுதாள்.

"போதும்" என்றார் மதாம். "லியோன் முடியட்டும். அதுவரைக்கும் டாக்டர்கிட்ட சொல்லி முட்டிக்கு வலி தெரியாம ஊசி போட்டுக்கலாம். அப்புறம் எழில் எவ்வளவு வேணும்னாலும் ரெஸ்ட் எடுக்கட்டும்."

ஒரேலியின் கோபம் சட்டென்று நின்றது. "இதையேதான் எங்கிட்டயும் சொன்னீங்க மதாம்" என்றாள், சாதாரணக் குரலில். "அப்போ டெல்லி. டெல்லி முடியட்டும்னு சொன்னீங்க."

ஒரேலி பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சில நாள் அவள் வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. மதாம் எழிலைக் கூட்டிப்போய் ஊசி போட்டுவந்தார். பிறகு ஒரு காலை, நான் கிடங்கைத் திறக்கும்போது ஒரேலி வாசலில் நின்றிருந்தாள்.

"கேமராவப் போடு தில்ஷா. மெஷினையும். பாட்டு ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

"எழிலக் கூப்பிடவா?"

"வேணாம்."

மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இசை தாவல் இடத்துக்கு வந்ததும் விரலைச் சுண்டினாள். நிழல் தாவியது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். மறுபடி சுண்டினாள். நிழல் தாவியது, அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடியும், மறுபடியும். கோபித்துக்கொண்டு போனவள் மனம் மாறிப் பயிற்சி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நிழல் தாழ்ந்து வருவதைக் கண்டபிறகுதான் எனக்குப் புரிந்தது.

மேடைக்கு ஓடினேன். "ஒரேலி, அது மறந்துக்கிட்டு வருது!"

"மறக்கட்டும்."

"திரும்ப வராதுடி."

"வரக்கூடாது. இது இருக்கிற வரைக்கும் யாராவது ஒருத்தி முட்டிய ஒடச்சுக்கணும்."

"அப்போ ஏன் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாக்குற?"

"கடைசியாப் பாத்துக்குறேன், விடேன்" என்றாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விரல் மட்டும் நிற்கவில்லை.

தாவல் துள்ளலானது. துள்ளல் குதிகால் எழும்புவதாகச் சுருங்கியது. பிறகு தோள் மட்டும் லேசாக ஏறி இறங்கியது. அதுவும் நின்றது. திரையில் ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண், விரலைச் சுண்டிக்கொண்டு. அவ்வளவுதான்.

மதாமும் மாதேஷும் எழிலும் காலை ஒத்திகைக்கு வந்து சேர்ந்தார்கள். எழில் முட்டியில் பட்டி கட்டியிருந்தாள். ஒரேலி அவர்கள் முன் ஒருமுறை விரலைச் சுண்டிக் காட்டினாள். மதாம் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பண்ணிட்ட?"

"இதுதான் என் நிழல் மதாம். நல்லாப் பாத்துக்குங்க."

"மாதேஷ், பழசு இருக்குல்ல? எடுத்துப் போடு."

"இருக்கு மதாம்" என்றான் மாதேஷ். அவன் எழிலின் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா அது மறக்காம இருக்கணும்னா தினமும் தாவணும். எழிலால இனிமே முடியாது. நான் போடமாட்டேன்."

மதாம் முன்வரிசையில் பொத்தென்று உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அவருக்குத் திடீரென்று வயதாகிவிட்டதைப் போல இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. ஒரேலி மேடையிலிருந்து இறங்கி எழிலின் பக்கத்தில் வந்து, "ஊசி போடுற டாக்டர் வேணாம். நான் வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் ஒக்காரு, நிக்காத" என்றாள். மேடையை ஒட்டிய ஒத்திகை நாற்காலியில் எழில் உட்கார்ந்தாள். அவ்வளவு நாளாக ஒரேலி உட்கார்ந்து மார்க் பண்ணிய இடம் அது.

இசையை நிறுத்த நான் மறந்துவிட்டேன். அது சுற்றி வந்து தாவல் இடத்தைத் தொட்டது. ஆடுகிறவர்கள் இசை கேட்டால் கை சும்மா இருக்காது. எழிலின் உள்ளங்கை தன்பாட்டுக்கு மேல்நோக்கி எத்தியது.

காலியாக இருந்த திரையில் ஒரு நிழல் முழு உயரத்துக்கு எழும்பியது. காற்றில் இடுப்பை ஒருமுறை திருப்பியது. இடது முட்டியைக் காப்பாற்றிக்கொண்டு இறங்கியது. ஒரேலியின் விரலைத்தான் இயந்திரம் மறந்திருந்தது. எழிலின் கை எத்திய பிறகெல்லாம் எழிலின் உடம்பு தவறாமல் தாவியிருக்கிறதே, அதை எப்படி மறக்கும்?

மதாம் எழுந்தார். அவர் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன்.

"எழில்" என்றார் மிகவும் கனிவாக. "மேடைல அந்த நாற்காலில போய் ஒக்காரும்மா. நீ இனிமே தாவவே வேணாம். கைய மட்டும் அசை. ஒன் தாவல், ஒன் பேரு. முட்டிக்கும் ரெஸ்ட்."

"இதுவும் கொஞ்ச நாள்ல மறந்துடும் மதாம்" என்றான் மாதேஷ். "அப்போ?"

"அப்போ வேற ஒரு பொண்ணப் பாத்துக்கலாம்."

எழில் மேடை நடுவில் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். லியோன் மேடையில், அவள் பெயரில், அவளுடைய தாவல். இசை மறுபடி சுற்றி வந்துகொண்டிருந்தது.

எழில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். தாவல் இடம் வந்தது, கடந்து போனது. திரை வெள்ளையாகவே இருந்தது.